லயத்தின் நீளத்துக்கு ஒரு திமிங்கிலம்

நான் பிறந்து வளர்ந்த வீட்டுச் சுவரில் ஒரு காலத்தில் நீலத்திமிங்கிலத்தின் தலை இருந்தது. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது, முயன்றும் பார்த்துவிட்டேன். இப்போது நான் குடியிருக்கும் அம்பிட்டிய வீட்டுக்கு வருகிறவர்கள் கொழும்பில் பார்த்த கட்டடங்களைப் பற்றியும் மாமனார் வீட்டு மேல்மாடியைப் பற்றியும் பேசுவார்கள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றும்போது மெல்ல இதை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு எந்தப் பேச்சும் எடுபடாது.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. நீளமாக ஒரே கட்டடம், அதற்குள் அடுத்தடுத்து எட்டு வீடு, ஒவ்வொன்றும் பத்தடி அகலம். முதல் வீடு எங்களுடையது. எட்டாவது வீடு பெரியப்பாவுடையது. அவர் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். இருவருக்கும் இடையில் ஆறு குடும்பங்கள் இருந்தன. பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். ஒன்றுக்கு அப்பா தலைவர், மற்றதற்குப் பெரியப்பா தலைவர். சங்கம் வேறானால் ரத்தமும் வேறாகிவிடும் என்று இருவரும் மனதார நம்பினார்கள். பேசாமல் முடியாது என்கிற காரியம் வந்தால் ஏழாவது வீட்டு மாமாவை நடுவில் நிறுத்திக்கொள்வார்கள்.

"தம்பிகிட்ட சொல்லுங்க மாமா, பீலியில தண்ணி வரலன்னு" என்று பெரியப்பா அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று சொல்வார். மாமா திரும்பி, ஒரு சொல் குறையாமல் அப்பாவிடம் சொல்வார். "எனக்கும் காது கேக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க மாமா" என்பார் அப்பா. மாமாவுக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. லயத்தில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி இந்த உத்தியோகத்தால் வந்ததுதான்.

அம்மாவும் பெரியம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள். அங்கே அவர்கள் பேசாத பேச்சில்லை. லயத்து வாசலுக்கு வந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் மகளும் நானும் ஒரே வகுப்பு. என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள் என்பதால் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

எங்களுக்கு விஞ்ஞானம் எடுத்த டீச்சர் அலவத்துகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வலய மட்டத்தில் பாடசாலைகளுக்கு ஏதோ போட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றைச் செய்து காட்டி விளக்க வேண்டும். மற்றப் பள்ளிக்கூடங்கள் எரிமலையும் காற்றாலையும் செய்தபோது, எங்கள் டீச்சருக்குக் கடல் பிடித்திருந்தது. வகுப்பில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அவர் தன் போனை மேசையில் நிறுத்திவைத்து எங்களை நெருக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு நீலத்திமிங்கிலம் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து ஒரு கொம்புத் திருக்கை வந்தது. தலையில் கொம்பு போல இரண்டு மடல்கள், இரண்டு பக்கமும் பெரிய இறக்கைகள். அது நீந்தியது என்று சொல்லவே முடியாது, தண்ணீருக்குள் பறந்தது.

"இது ரெண்டயும் ஒப்பிட்டுச் செல்லணும். எது எவ்வளவு பெரிசு, என்ன தின்னுது, எப்படி மூச்சு விடுது. வெளங்கினா புள்ளயள்?" என்றார் டீச்சர்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் திமிங்கிலம் வந்தது, அக்காவுக்குத் திருக்கை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து லயம் வரை நான் அவளுக்கு முன்னால் நடந்தேன். உலகத்தில் இதுவரை இருந்த உயிர்களிலேயே பெரியது என்னுடையது. அவளுடையது மீன் வகையில் ஒரு வகைக்குள் பெரியது. இந்த வித்தியாசத்தை வழியில் பார்த்த எல்லாருக்கும் சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே நிறுத்திவிட்டு, "அண்ணன் மகளுக்கு சின்னதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு அகப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சிக்கல் சார்ட் பேப்பரில் ஆரம்பித்தது. அக்காவும் நானும் ஆளுக்கொரு தாளில் வரைந்து முடித்தோம். திமிங்கிலம் நீளமான உருவம். தாளின் நடுவில் ஒரு பட்டையாகக் கிடந்தது. திருக்கையோ இறக்கையை விரித்துக்கொண்டு தாளை மூலைக்கு மூலை அடைத்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் திமிங்கிலம் அவளுடைய திருக்கைக்குக் குட்டி என்று யாரும் சொல்வார்கள். அக்கா இரண்டு தாளையும் வேண்டுமென்றே ஒன்றாகச் சுருட்டி, என் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

அப்பா இரண்டையும் தரையில் விரித்துப் பார்த்தார். "இது என்னா நாயம்? எம்பதடி மீனும் இருவதடி மீனும் ஒரே அளவு கடுதாசியிலயா?" என்றார்.

"திமிங்கிலம் மீன் இல்லப்பா."

"அது எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். இம்புட்டுத்தானா இருக்கும்?"

தீபாவளிக்கு முன்னால் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். வெள்ளை பளிச்சென்று தெரிய, சட்டைக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கலப்பார்கள். அந்த வருஷம் அப்பா தெல்தோட்டைக் கடைகளில் இருந்த நீலப் பொட்டலங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். லயத்தின் பின்சுவர் மேல்ரோட்டைப் பார்த்த சுவர். வீட்டுக்கொரு சின்ன ஜன்னலைத் தவிர மொட்டையாக இருக்கும். அதன் நீளத்துக்குக் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். எட்டு வீடு, எண்பது அடி. திமிங்கிலத்துக்கு அளவெடுத்துக் கட்டின லயம்!

எங்கள் வீட்டுச் சுவரில் தலை வந்தது. ஜன்னலையே கண்ணாக வைத்துவிட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அதன் கண் அவ்வளவு பெரியதில்லை என்று புத்தகத்தில் இருந்ததால், ஜன்னலுக்குக் கீழே ஒரு ஜம்போலாப் பழத்தின் அளவில் கண் வைத்தோம். இரண்டாவது வீட்டிலும் மூன்றாவது வீட்டிலும் தொண்டை மடிப்புகள் கோடுகோடாகப் போயின. வீட்டுக்காரர்கள் அவரவர் சுவரில் அவரவரே நீலம் அடித்தார்கள். அப்பா சங்கம், பெரியப்பா சங்கம் என்று யாரும் பார்க்கவில்லை. சுவரின் உயரம் போதாததால் திமிங்கிலம் கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது. "இந்தச் சம்பளத்துக்கு இதுவே போதும்" என்றார் நாலாவது வீட்டு அண்ணன்.

இப்படியே ஆறாவது வீடு வரை வந்து நின்றுவிட்டது. மீதி வாலும் வால் துடுப்பும் ஏழாவது வீட்டிலும் எட்டாவது வீட்டிலும் வர வேண்டும். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அந்த இரண்டு சுவரிலும் பெரியப்பா கரியையும் சுண்ணாம்பையும் குழைத்து ஒரு திருக்கையைப் போட்டு முடித்திருந்தார். இருபது அடி, கொஞ்சமும் குறையாமல். ஏழாவது வீட்டு மாமா இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் சரி என்று சொல்லியிருந்தார்.

"தம்பிகிட்ட சொல்லுங்க மாமா, இது எங்க பக்கம்னு."

"எங்க மீனுக்கு வாலு வேணும்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க மாமா."

"வாலு வேணும்னா அவரு வூட்டுக்குள்ள மடிச்சி வச்சிக்கிறச் சொல்லுங்க."

நான் அன்றைக்கு அழுதேன். டீச்சர் வந்து பார்த்துவிட்டு மலைத்துப்போய் நின்றார். பிறகு நடந்து நடந்து ஆறாவது வீட்டுக்கு வந்ததும் முகம் மாறியது. பரிசோதகர்களை லயத்துக்கே கூட்டி வர வலயக் காரியாலயத்தில் கேட்டுவைத்துவிட்டதாகச் சொன்னார். "வால் இல்லாம இத எப்படிப் புள்ள காட்டுற? அது நீந்துறதே வாலாலதான். ரெண்டும் ரெண்டு பக்கம் பாத்துக்கிட்டு ஈக்கிது. இது ஒப்பீடு இல்ல, சண்ட" என்றார்.

அக்காவுக்கும் அது பிடிக்கவில்லை. தன் திருக்கை பக்கத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் திமிங்கிலத்தைப் பார்த்து, "செத்துப்போன மாதிரி இருக்குடி" என்று என் காதில் சொன்னாள். அவள் தன் அப்பாவிடம் கேட்டாள், கெஞ்சினாள், சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். பெரியப்பா அசையவில்லை.

அவரை அசைத்தது எங்களுக்குக் கீழே இருந்த பணிய லயத்து ஆட்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர்களில் ஒருவர், "என்னா தலைவரே, ஒங்க லயத்து மீனு வாலறுந்து கெடக்குதாமே? வித்துத் தின்னுட்டீங்களா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியைப் பற்றித் தான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பணிய லயத்தான் சொல்லக் கூடாது என்பது பெரியப்பாவின் கொள்கை. "அது மீனு இல்ல. குட்டி போட்டு பால் குடுக்குற ஜீவன். அதுகூடத் தெரியாம பேச வந்துட்ட" என்று அந்த ஆளை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியதாக அம்மா மலையிலிருந்து செய்தி கொண்டு வந்தார். திமிங்கிலம் மீன் இல்லை என்பதை அப்பாவுக்கு நான் எத்தனையோ தரம் சொல்லியும் ஏறவில்லை. பெரியப்பா யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ தெரியாது.

அன்று பின்னேரமே அவர் தன் திருக்கை மேல் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் ஏழாவது வீட்டிலிருந்து எட்டாவது வீட்டுக்குத் திமிங்கிலத்தின் உடம்பைச் சிறுக்கவைத்து, முடிவில் வால் துடுப்பை விரித்து வரைந்தார். மீனுக்கு வால் செங்குத்தாக நிற்கும், திமிங்கிலத்துக்குக் கிடையாகப் படுத்திருக்கும். அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அந்த மடிப்புத் தெரிய நிழல் கொடுத்து வரைந்தார். சொன்னால் அப்பாவின் மனம் நோகும். ஆனாலும் சொல்கிறேன், தலையைவிட வால்தான் அழகாக இருந்தது.

அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய், கூரை ஒழுகலுக்குப் பூச வைத்திருந்த தார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தகரக் கூரையில் ஏறிவிட்டார். எங்கள் வீட்டுக் கூரையும் இரண்டாவது வீட்டுக் கூரையும் சேர்த்து இருபதடி. மேல்ரோட்டிலிருந்து பார்த்தால் கூரை முழுசாகத் தெரியும். கொம்புத் திருக்கையின் முதுகும் கறுப்புத்தான். அப்பா அண்ணன் மகளின் திருக்கையைத் தன் தலைக்கு மேலே வரைய ஆரம்பித்தார்.

பெரியப்பா மேல்ரோட்டில் போய் நின்றுகொண்டார். மாமாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "எடது எறக்கைய இன்னும் ஒரு அடி இழுக்கச் சொல்லுங்க மாமா." "கொம்பு கோணுது, நிமித்தச் சொல்லுங்க மாமா." மாமா தொண்டை கிழியக் கத்திக் கத்தி அத்தனையையும் கூரைக்கு அனுப்பினார். வலது இறக்கையின் முனையை முடிக்கும்போது அப்பாவின் கால் தாரில் வழுக்கியது.

"டேய்! பாத்துடா!" என்று பெரியப்பா அலறினார்.

அப்பா கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லண்ணே" என்றார். பிறகு இருவருக்கும் வெட்கம் வந்துவிட்டது. மாமா மட்டும், தன்னை விட்டுவிட்டு நடந்த இந்தப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார்.

பரிசோதகர்கள் வந்த அன்று லயத்தில் பாதிப்பேர் அரைநாள் சம்பளம் போதும் என்று அரைப் பேரோடு வேலையை விட்டு வந்திருந்தார்கள். கண்டியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். மேல்ரோட்டில் வேனிலிருந்து இறங்கியதும் அந்த ஐயா, "அட!" என்றார். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கீழே நீலத்திமிங்கிலம் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்திக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே தகரத்தில் திருக்கை பறந்துகொண்டிருந்தது. தேயிலை மலைக்கு நடுவில் கடல் வந்து நின்றது என்று டீச்சர் பிறகு சொன்னார். எனக்கு அப்போது கடல் தெரியாது, லயம்தான் தெரியும். அது இவ்வளவு அழகு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காவும் நானும் மாறி மாறிச் சொன்னோம். திமிங்கிலம் மேலே வந்து காற்றை மூச்சாக எடுக்கும், திருக்கை செவுளால் தண்ணீரிலேயே எடுக்கும். திமிங்கிலத்துக்கு எலும்பு உண்டு, திருக்கைக்குக் குருத்தெலும்பு மட்டும். இரண்டும் இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, நாங்கள் சம்பல் போடுகிற கூனி இறாலைப் போன்ற பொடி உயிர்களைத்தான் வடித்துத் தின்கின்றன. அம்மா இதைக் கேட்டு, "பாவம்" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு அளவுக்கு வந்தோம். இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

"நீலத்திமிங்கிலம் எம்பதடி. எங்க லயமும் எம்பதடி. ஒரு திமிங்கிலத்துக்குள்ள நாங்க எட்டுக் குடும்பம் இருக்கோம். மொத்தம் முப்பத்தெட்டுப் பேரு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அக்கா விடவில்லை. "கொம்புத் திருக்கை எறக்கைய விரிச்சா இருவதடி. எங்க வூட்டுல ஆறு பேரு இருக்கோம். ஆனா இந்தத் திருக்கை ஒண்ணு வந்தா எங்க வூடு அதுக்குப் பத்தாது. பக்கத்து வூட்டயும் சேத்துக் குடுக்கணும்" என்றாள்.

நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். யாரும் தட்டவில்லை. கண்டியிலிருந்து வந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, திமிங்கிலத்தின் தலையிலிருந்து வால் வரை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனார். "ஒரு வீட்டுக்கு எத்தனை அறை?" என்று கேட்டார். "ஒண்ணுதான். முன்னால திண்ணை மாதிரி சின்னதா இஸ்தோப்பு இருக்கு" என்று நான் பெருமையாகவே சொன்னேன். டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சிரித்துக்கொண்டே நின்றிருந்த அப்பா சிரிப்பை நிறுத்தியிருந்தார். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம், இதோடு போச்சு என்று அக்கா என் கையைக் கிள்ளினாள்.

போகவில்லை. முதலாமிடம் எங்களுக்குத்தான். செய்தி வந்த அன்று லயத்தில் பாயாசம் வைத்தார்கள். பணிய லயத்துக்கும் ஒரு வாளி போனது, வேண்டுமென்றே. அக்காவும் நானும் கண்டியில் மேடை ஏறிக் கேடயம் வாங்கினோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டதால் படத்தில் கேடயம் சரிந்திருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. திமிங்கிலம் எங்கள் குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டது, கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை இருவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்தை நடத்தும் துரையின் காரியாலயத்துக்குப் போனார்கள். இரண்டு சங்கத்துத் தலைவர்களும் ஒரே கதவால் உள்ளே போனதைத் தோட்டம் அதற்கு முன்னால் பார்த்ததில்லையாம். கிளாக்கர் ஐயா எழுந்து நின்றுவிட்டாராம். நானும் அக்காவும் பயந்துபோய் லயத்து வாசலில் காத்திருந்தோம். தோட்டத்துச் சுவரைக் கேட்காமல் பெயின்ட் அடித்தோம் என்று துரை ஏசப்போகிறார், திமிங்கிலத்தை அழிக்கச் சொல்லப்போகிறார் என்பதுதான் எங்கள் பயம்.

வெகுநேரம் கழித்து இருவரும் பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழிக்கச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எம்பதடிக்குள்ள முப்பத்தெட்டுப் பேருன்னு நீ சொன்ன கணக்கத்தான் சொன்னோம். லயத்த அளந்து பாக்க ஆள் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு" என்றார் அப்பா. பெரியப்பா, "அனுப்பலன்னா திரும்பவும் போவோம், ரெண்டு பேருமா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. துரைக்கே எங்கள் திமிங்கிலத்தை அளந்து பார்க்க ஆசை வந்துவிட்டது! அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வீடு வீடாக எட்டு வாசலிலும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.